கிழங்கைத் தேர்ந்தவர்கள்: டூலிப் மலரின் ஐந்நூறு ஆண்டுகள்

வட நாடுகளில் இலையுதிர்காலம் தொடங்கியதுமே தோட்டக்கலைக் கடைகளின் முகப்பில் வலைப்பைகளும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கப்பட்டுவிடுகின்றன. உள்ளே இருப்பவை வெங்காயத்தைப் போலப் பழுப்புத் தோல் போர்த்திய கிழங்குகள். டூலிப், டாஃபடில், ஹயசிந்த், குரோக்கஸ், ஸ்னோடிராப் என்று பெயர்கள் பல. செப்டம்பர் முதல் நவம்பருக்குள் இவை மண்ணுக்குள் போய்விடவேண்டும். பனிக்காலம் முழுவதும் கண்ணில் படாமல் கிடந்து, வசந்தத்தில் பூக்கும். டொரொண்டோவிலும் லண்டனிலும் ஓஸ்லோவிலும் வீட்டுக்குப் பின்புறம் சிறிது மண் வாய்க்கப்பெற்ற நம்மவர்கள் பலரும் இன்று இந்தப் பைகளை வாங்குகிறார்கள்.

வாங்குபவர் கையில் எடுப்பது கிழங்கை. தேர்ந்தெடுப்பதோ பையின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தை. சிவப்பு டூலிப்பின் கிழங்கையும் வெள்ளை டூலிப்பின் கிழங்கையும் அருகருகே வைத்தால் வேறுபாடு சொல்வது தொழில் தெரிந்தவருக்கே கடினம். பூவைக் காணாமல் பூவைத் தேர்ந்தெடுக்கும் இந்த விசித்திரமான செயல் புதியதல்ல. டூலிப்பின் வரலாறு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி, இப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் வரலாறுதான். அவர்கள் எதை நட்டார்களோ அது இருந்தது. எதை நடாமல் விட்டார்களோ அது தோட்டத்திலிருந்து மட்டுமல்ல, உலகிலிருந்தே போயிற்று.

இது மிகையான கூற்று அல்ல என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் கிழங்கின் இயல்பைச் சிறிது பார்க்கவேண்டும்.

வாழையடி வாழை

கிழங்கு என்று வழக்கில் சொன்னாலும், டூலிப்பின் கிழங்கு உருளைக்கிழங்கைப் போன்றதல்ல. அது மண்ணுக்குள் அமர்ந்திருக்கும் ஒரு பெரிய மொட்டு. வெங்காயத்தில் இருப்பதைப் போலவே உணவைச் சேமித்துவைத்த தடித்த ஏடுகள் ஒன்றையொன்று தழுவியிருக்க, நடுவில் குருத்து இருக்கும். கோடையில் இலைகள் வாடிய பிறகு, வெளியே எந்த அசைவும் தெரியாத நாட்களில், அடுத்த ஆண்டின் பூ இந்தக் குருத்தில் உருவாகிவிடுகிறது. அக்டோபரில் ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டினால் இதழ்களும் மகரந்தத் தண்டுகளுமாக மிகச் சிறிய டூலிப் ஒன்றை உள்ளே காணலாம். அது தண்டு நீட்டி எழ மூன்று மாதத்துக்குக் குறையாத குளிர் வேண்டும். நம் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் சில வாரங்கள் வைத்தெடுத்த கிழங்கைத் தொட்டியில் ஒருமுறை பூக்கவைப்பவர்கள் உண்டு, அது நீடிப்பதில்லை.

டூலிப் இரண்டு வழிகளில் பெருகும். ஒன்று விதை. விதையிட்டால் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பூக்கும்போது தோட்ட வகைகளில் பிள்ளை தாயைப் போல இராது. இன்னொன்று, தாய்க் கிழங்கின் அடியில் தோன்றும் பக்கக் கிழங்குகள். இவை தாயின் அச்சு அசலானவை. நமக்கு இதை விளக்க வாழைக்கன்று ஒன்றே போதும். ஒரு டூலிப்புக்குப் பெயர் சூட்டிவிட்டால், அந்தப் பெயருடைய எல்லாச் செடிகளும் உண்மையில் ஒரே செடியின் தொடர்ச்சி. வாழையடி வாழையாக, மனிதக் கைகளின் வழியாக நீள்வது. எங்கேனும் ஒரு தலைமுறை அதை எடுத்து நடாமல் விட்டுவிட்டால், அந்தப் பூவை மீண்டும் கொண்டுவர எந்த விதையும் இல்லை. டூலிப்பின் வரலாற்றில் தேர்வு என்பது ஏன் இத்தனை கனமான சொல் ஆகிறது என்பதற்கு இதுவே காரணம்.

மலையிலிருந்து

டூலிப் ஹாலந்தின் மலர் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அதன் தாயகம் மத்திய ஆசியா. தியான் ஷான், பாமீர்-அலாய் மலைத்தொடர்களின் கற்சரிவுகளில்தான் அதன் இனங்கள் மிகுதி. கடும் பனி, குறுகிய ஈரமான வசந்தம், வறண்ட நெடுங்கோடை என்ற சுழற்சிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த செடி அது. ஆண்டில் சில வாரங்களே வெளியே வாழ்ந்து, மீதி நாட்களை மண்ணுக்குள் கழிக்கும் ஏற்பாடுதான் கிழங்கு.

அந்த மலைகளின் பிள்ளையான பாபர் தம் நினைவுக்குறிப்புகளில் காபூலைச் சுற்றியுள்ள அடிவாரங்களில் பூக்கும் டூலிப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எத்தனை வகை என்று எண்ணச் சொன்னதாகவும், 32 அல்லது 33 வகைகள் தேறியதாகவும், அவற்றில் ஒன்று ரோஜாவின் மணம் வீசியதாகவும் பதிகிறார். போருக்குப் போகும் வழியில் பூக்களை எண்ணச் சொல்லும் மனம் அந்தக் குடும்பத்தில் தொடர்ந்தது. பாபரின் கொள்ளுப்பேரன் ஜஹாங்கீர் 1620ஆம் ஆண்டு வசந்தத்தில் காஷ்மீரில் இருந்தபோது, அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார். அவற்றில் இன்று எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் ஒன்று, செந்நிற டூலிப்.

பாபர் எண்ணினார், மன்சூர் வரைந்தார். ஆனால் டூலிப்பைத் தங்கள் விருப்பத்துக்கு ஏற்ற வடிவில் வளர்த்தெடுப்பதைப் பெரும் கலையாக்கியவர்கள் உதுமானியத் துருக்கியர்கள்.

குறுவாள் இதழ்கள்

துருக்கியில் டூலிப்புக்கு ‘லாலே’ என்று பெயர். அரபு எழுத்தில் இச்சொல்லை எழுதினால் அல்லாஹ் என்ற பெயரில் உள்ள அதே எழுத்துகள் வேறு வரிசையில் வரும். இந்த ஒற்றுமை அந்த மலருக்குப் பக்தியின் சாயலைத் தந்தது. 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இஸ்தான்புல் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் சுவர்களில் இஸ்னிக் ஓடுகள் முழுக்க டூலிப்புகளைக் காணலாம். சுல்தான்களின் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கிழங்குகளைத் தோண்டி அனுப்பும்படி மாகாண அதிகாரிகளுக்கு ஆணைகள் போயின. காட்டுக் கிழங்கைத் தோண்டி நகரத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அத்தனை பழையது.

இஸ்தான்புல்லின் ரசனை மிகக் கறாரானது. கிண்ணம் போல விரிந்த மலரை அவர்கள் மதிக்கவில்லை. பூ நீண்டு ஒடுங்கியிருக்கவேண்டும். ஆறு இதழ்களும் சமமாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றும் ஊசிமுனையில், குறுவாள் போல முடியவேண்டும். புதிய மலர்களைச் சீர்தூக்கிப் பெயரிட வல்லுநர் குழு இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளின் பெயர்கள் ஏடுகளில் பதிவாயின.

இந்த மோகத்தின் உச்சம் மூன்றாம் அகமது சுல்தானின் ஆட்சியில் வந்தது. அவருடைய முதலமைச்சர் நெவ்ஷெகிர்லி டாமாத் இப்ராஹிம் பாஷா பதவியேற்ற 1718 முதல் 1730 வரையிலான ஆண்டுகளை ‘லாலே காலம்’ என்று பின்னர் 20ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் அழைத்தார்கள். கிழங்கு விலை எல்லை மீறியபோது அரசே விலைப்பட்டியல் வெளியிட்டுக் கட்டுப்படுத்தியது. 1730இல் பத்ரோனா ஹலில் என்பவரின் தலைமையில் மூண்ட கலகத்தில் அமைச்சர் கொல்லப்பட்டார். சுல்தான் அரியணையை இழந்தார். ஆடம்பரத்தின் மீது மக்கள் கொண்ட சினம்தான் இதற்குக் காரணம் என்று கதை முடிக்கப்படுவது வழக்கம். வரி, பாரசீகப் போர்த் தோல்வி, நகரத் தொழிலாளரின் நெருக்கடி ஆகியவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். மலரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்றுக்கு எளிய வழி, நேர்மையான வழியல்ல.

நமக்கு இங்கே முக்கியமானது வேறு. ரசனை மாறியதும் நடுபவர்கள் குறைந்தார்கள். ஊசிமுனை இதழ்கொண்ட அந்த இஸ்தான்புல் டூலிப்புகள் அனைத்தும் மறைந்தன. இன்று அவற்றை ஓவியத் தொகுப்புகளிலும் ஓடுகளிலும் மட்டுமே பார்க்க முடியும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து இஸ்தான்புல் நகரம் ஒவ்வொரு ஏப்ரலிலும் இலட்சக்கணக்கில் டூலிப்புகளை நட்டு விழா எடுக்கிறது. பூப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை ஹாலந்தில் உருவான வகைகளே.

வெங்காயம் என்று எண்ணி

ஹாப்ஸ்பர்க் அரசின் தூதராக 1554இல் இஸ்தான்புல் சென்ற புஸ்பெக், வழியில் கண்ட மலர்களைத் தம் கடிதங்களில் ‘துலிபான்’ என்று குறித்தார். தலைப்பாகையைக் குறிக்கும் ‘துல்பெந்த்’ என்ற சொல்லைப் பூவின் பெயராகப் பிழைபடப் புரிந்துகொண்டதில் பிறந்த பெயர் என்று கருதப்படுகிறது. பூவின் உருவத்தைத் தலைப்பாகைக்கு ஒப்பிட்டு யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். டூலிப்பின் ஐரோப்பிய வாழ்வு ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் தொடங்குகிறது. 1559இல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தோட்டம் ஒன்றில் பூத்த டூலிப்பைக் கண்டு, சுவிஸ் அறிஞர் கோன்ராட் கெஸ்னர் விவரித்து எழுதினார்.

1562இல் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு இஸ்தான்புல்லிலிருந்து துணிப்பொதிகள் வந்தன. அவற்றோடு ஒரு பொட்டலம் கிழங்குகளும் இருந்தன. வணிகர் அவற்றை வெங்காயம் என்று எண்ணிச் சிலவற்றைச் சுட்டு, எண்ணெயும் வினிகரும் சேர்த்து உண்டார். மிச்சத்தை முட்டைக்கோஸ் பாத்தியில் புதைத்தார். அங்கிருந்து சிலவற்றைக் காப்பாற்றி வளர்த்தவர் மெக்லன் நகரத்து வணிகர் யோரிஸ் ரை. இந்தச் செய்தியை நமக்காக எழுதிவைத்தவர் கரோலஸ் க்ளூசியஸ்.

1526இல் பிறந்த க்ளூசியஸை நாம் வேறொரு வகையிலும் அறிந்திருக்கவேண்டும். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இந்திய மூலிகைகளையும் நறுமணப் பொருட்களையும் பற்றி எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. அதைச் சுருக்கி லத்தீனில் 1567இல் வெளியிட்டு, ஐரோப்பா முழுதும் பரவச் செய்தவர் இவரே. வியன்னாவில் பேரரசரின் தோட்டத்தில் பணியாற்றி, பின்னர் வேலையிழந்து, இறுதியில் 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கு அவர் அமைத்த தோட்டத்தில் மறு ஆண்டு வசந்தத்தில் டூலிப் பூத்தது. அரிய கிழங்குகளை நண்பர்களுக்கு விலையின்றி அனுப்பிக்கொண்டிருந்த அவருடைய தோட்டத்திலிருந்து கிழங்குகள் பலமுறை திருடப்பட்டன. அவர் பரிமாற்றத்தையும் நட்பையும் நம்பியவர். விலையை நம்பிய தலைமுறை அவரைத் தொடர்ந்து வந்தது.

உடைந்த நிறம்

க்ளூசியஸ் வேறொன்றையும் கூர்ந்து கவனித்தார். ஒற்றை நிறத்தில் பூத்துவந்த டூலிப் திடீரென்று ஓர் ஆண்டில் வெள்ளை அல்லது மஞ்சள் அடித்தளத்தில் சிவப்பும் ஊதாவும் தீக்கொழுந்துகளாகப் படர்ந்து பூக்கும். தோட்டக்காரர்கள் இதை நிறம் ‘உடைந்தது’ என்றார்கள். அப்படி உடைந்த செடி பின்னர் நலிந்து போவதையும், சாகும் முன் வளர்த்தவரிடம் விடைபெற வந்தது போல இத்தனை நிறங்களையும் காட்டிப் போவதையும் அவர் எழுதினார். காரணம் அவருக்குத் தெரியாது. ஆனால் அழகும் நலிவும் ஒன்றாக வருகின்றன என்பது தெரிந்திருந்தது.

ஹாலந்தின் செல்வர்கள் இந்த உடைந்த டூலிப்புகளையே விரும்பினார்கள். வெண்மையில் செந்தழல் பாய்ந்த ‘செம்பர் அகஸ்டஸ்’ என்ற வகை எல்லாவற்றிலும் உயர்ந்ததாகக் கருதப்பட்டது. 1624இல் அதன் கிழங்குகள் மொத்தம் பன்னிரண்டு. அனைத்தும் ஒருவர் கையில். விலை எவ்வளவு சொன்னாலும் அவர் விற்க மறுத்தார்.

கிழங்கை ஜூன் மாதத்தில் தோண்டி எடுத்து, செப்டம்பரில் மீண்டும் நடுவார்கள். இடைப்பட்ட சில மாதங்களில் மட்டுமே அது கைமாற முடியும். வணிகம் ஆண்டு முழுதும் நடக்க விரும்பியதால், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைக் காகிதத்தில் விற்கும் முறை வந்தது. நடும்போது இருந்த எடையைக் குறித்துக்கொண்டு, சாராயக் கடைகளின் பின்னறைகளில் வாக்குறுதிகள் கைமாறின. டச்சுக்காரர்களே இதைக் ‘காற்று வணிகம்’ என்றார்கள். 1637 பிப்ரவரி 5ஆம் நாள் அல்க்மார் நகரில், இறந்துபோன ஒரு விடுதிக்காரரின் டூலிப்புகள் அவருடைய அநாதைக் குழந்தைகளுக்காக ஏலம் விடப்பட்டன. தொகை சுமார் 90,000 கில்டர். தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் ஆண்டு வருமானம் 300 கில்டர் அளவில் இருந்த காலம் அது. ஆனால் அந்த ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பே ஹார்லெம் நகரில் வாங்க ஆள் இல்லாமல் சந்தை சரியத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டு, ஒப்பிய விலையில் நூற்றுக்கு மூன்றரை கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ஹார்லெம் நகராட்சி தீர்த்தது.

இந்த நிகழ்வைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, 1841இல் சார்லஸ் மெக்கே எழுதிய நூலின் வழி வந்தது. நாடே பித்துப் பிடித்து அலைந்ததாகவும், பொருளாதாரம் குலைந்ததாகவும் அவர் எழுதினார். அவருடைய கதைகளின் வேர், 1637இல் வெளியான கேலிப் பிரசுரங்களில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஆன் கோல்ட்கர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் நகர ஆவணங்களைத் தேடிப் பார்த்தார். 300 கில்டருக்கு மேல் கொடுத்துக் கிழங்கு வாங்கியவர்களாக அவர் கண்டது நாற்பது பேருக்கும் குறைவு. தெருவுக்கு வந்த குடும்பங்களையோ, கால்வாயில் விழுந்து மாண்டவர்களையோ ஆவணங்களில் காணவில்லை. பாதிக்கப்பட்டது பணம் என்பதை விட, வாக்கு என்பதன் மீதிருந்த நம்பிக்கை என்கிறார் அவர்.

பொருளாதார மாணவர்கள் இந்த விலைகளை ஆராய்வது இயல்பு. ஆனால் அந்த விலைகளின் அடியில் கிடந்த உயிரியல் உண்மை அதைவிட விந்தையானது. அது வெளிப்பட இன்னும் 291 ஆண்டுகள் ஆயின.

லண்டனையொட்டிய மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர் டோரதி கேலி. இலங்கையில் பிறந்தவர், தந்தை அங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர். உடைந்த டூலிப்பின் கிழங்குத் திசுவை நலமான கிழங்கில் பொருத்திப் பார்த்து, நிற உடைவு தொற்றுவது என்பதை 1928இல் அவர் நிறுவினார். அது ஒரு வைரஸ் நோய். அசுவினிப் பூச்சிகள் அதைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்கின்றன. இதழின் மேற்பரப்பில் உள்ள நிறமி உருவாவதை வைரஸ் ஆங்காங்கே தடுக்கும்போது, அடியில் உள்ள வெண்மையோ மஞ்சளோ வெளித் தெரிகிறது. நிறம் பூசப்பட்டதல்ல, நிறம் தடுக்கப்பட்டதன் விளைவே அந்தத் தழல்.

இதே வைரஸ் செடியையும் மெலியச் செய்கிறது. பக்கக் கிழங்குகள் குறைகின்றன. ஆகவே மலரை அழகாக்கிய காரணமே அதை அரிதாக்கியது. அரிதாக்கிய காரணமே அதை அழித்தது. செம்பர் அகஸ்டஸ் ஏன் பன்னிரண்டு கிழங்குகளுக்கு மேல் பெருகவில்லை என்பதற்கு விடை இதுவே. இரண்டு தலைமுறைச் செல்வர்கள் பணம் கொடுத்தது ஒரு நோய்க்கு. ஆனால் அவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கண்ட அழகு உண்மையானதுதான். அதன் விலை மட்டும், அவர்கள் எண்ணியதைப் போல கில்டரில் முடியவில்லை.

நெசவாளர்களும் பூங்காக்களும்

செல்வர்கள் கைவிட்ட மலரைப் பின்னாளில் எடுத்து வளர்த்தவர்கள் வட இங்கிலாந்தின் நெசவாளர்கள், செருப்புத் தைப்பவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். வீட்டோடு ஒட்டிய சிறு துண்டு நிலத்தில் உடைந்த டூலிப்புகளை வளர்த்து, ஆண்டுதோறும் போட்டி நடத்தினார்கள். இதழின் ஓரத்தில் மட்டும் கோடுகள் மென்மையாகப் படர்ந்தால் ‘இறகு’. நடுவிலும் எழுந்தால் ‘தழல்’ என்று தரம் பிரித்தார்கள். நூற்றுக்கணக்கில் இருந்த இத்தகைய சங்கங்களில் 1836இல் தொடங்கிய வேக்ஃபீல்ட் சங்கம் மட்டும் இன்றும் இயங்குகிறது. அதன் கண்காட்சியில் இப்போதும் மலர்களைப் பழுப்பு பீர் போத்தல்களில்தான் வைக்கிறார்கள். அரண்மனையின் பூச்சாடியிலிருந்து பீர் போத்தலுக்கு வந்ததால் அந்த மலரின் மதிப்பு குறைந்ததாக அவர்கள் நினைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொது ரசனை எதிர்த்திசையில் திரும்பியது. ஹார்லெம் வணிகர் க்ரெலாகே 1885இல் பிரான்சின் லீல் நகரிலிருந்து ஒரு பழைய தொகுப்பை வாங்கி, அதிலிருந்த ஒற்றை நிற டூலிப்புகளை 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ‘டார்வின் டூலிப்’ என்ற பெயரில் அறிமுகம் செய்தார். அதுவரை ஒற்றை நிற டூலிப் என்றால் என்றேனும் உடையும் என்ற நம்பிக்கையில் காத்திருக்க வளர்க்கப்படுவது. இனி அதுவே இலக்காயிற்று. உயரமான தண்டு, சீரான நிறம், ஒரே நாளில் ஒன்றாய்ப் பூக்கும் ஒழுங்கு. நகராட்சிப் பூங்காவுக்கும் கொய்மலர்ச் சந்தைக்கும் வேண்டியது அதுதான். வைரஸ் என்று தெரிந்த பிறகு உடைந்த டூலிப்புகள் வயல்களிலிருந்து தேடித் தேடி அகற்றப்பட்டன. இன்று ‘ரெம்ப்ராண்ட்’ என்ற பெயரில் கடைகளில் விற்கும் வரிக்கோட்டு டூலிப்புகள், நோயின்றிக் கலப்பினத்தால் பெற்ற தோற்றங்கள்.

உண்ணப்பட்ட வசந்தம்

ஆண்ட்வெர்ப் வணிகர் டூலிப்பை உண்டது அறியாமையால். 382 ஆண்டுகளுக்குப் பின் அதே தாழ்நிலத்தின் மக்கள், அது என்னவென்று நன்றாக அறிந்தே உண்டார்கள். 1944 செப்டம்பரில் நேசப் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் பதிலடியாக மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். கடுங்குளிர் சேர்ந்துகொண்டது. ‘பசிக் குளிர்காலம்’ என்று இன்றும் நினைவுகூரப்படும் அந்த மாதங்களில் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போரினால் ஏற்றுமதி நின்று, கிழங்குகள் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தன. அவற்றை எப்படிச் சமைப்பது என்ற குறிப்புகள் மக்களிடையே பரப்பப்பட்டன. கிழங்கை இரண்டாக வெட்டி, நடுவில் உள்ள மஞ்சள் குருத்தை எடுத்துவிடவேண்டும், அது நஞ்சு. மீதியை வேகவைத்து மசிக்கலாம், அல்லது உலர்த்தி மாவாக்கலாம். நடுவிலிருந்த அந்தக் குருத்துதான் அடுத்த வசந்தத்தின் பூ. பூவைக் கிள்ளியெறிந்துவிட்டு அதன் உணவை உண்டு உயிர் தரித்தது ஒரு நாடு.

போர்க்காலத்தில் டச்சு இளவரசி யூலியானா கனடாவின் ஒட்டாவா நகரில் தஞ்சம் அடைந்திருந்தார். 1943இல் அவருடைய மகள் அங்கே பிறந்தார். நெதர்லாந்தை மீட்டதில் கனடியப் படைகளின் பங்கு பெரியது. 1945இல் நெதர்லாந்து நன்றியாக 100,000 டூலிப் கிழங்குகளை ஒட்டாவாவுக்கு அனுப்பியது. இன்று ஒவ்வொரு மே மாதமும் ஒட்டாவா கால்வாயோரம் நடந்து படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள் பார்ப்பது, சில மாதங்களுக்கு முன் தன் கிழங்கையே தின்ற ஒரு மக்கள்கூட்டம் அனுப்பிய கொடையின் தொடர்ச்சியை.

காலியான சரிவுகள்

தோட்ட வகைகளை மனிதர் நடாவிட்டால் அழியும். காட்டு இனங்களோ மனிதர் தோண்டினால் அழியும். 1980களில் துருக்கியின் மலைகளிலிருந்து ஸ்னோடிராப், சைக்ளமன், அனிமோன் போன்றவற்றின் கிழங்குகள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் தோண்டி ஏற்றுமதி செய்யப்பட்டன. வாங்கியவர்கள் பலருக்கு அவை பண்ணையில் விளைந்தவை அல்ல என்பது தெரியாது. 1990இல் ஸ்னோடிராப் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே பத்தாண்டில் டாரஸ் மலைக் கிராமங்களில், தோண்டிப் பிழைத்தவர்களே கிழங்குகளைப் பயிரிட்டு விற்கும் திட்டம் ஒன்றும் தொடங்கியது. ஏழைகளின் பிழைப்பைத் தடுத்து மலரைக் காக்க முடியாது என்ற புரிதல் அதில் இருந்தது.

இந்த அத்தியாயத்தின் மிகத் துயரமான பெயர் துலிபா ஸ்ப்ரெங்கேரி. 1890களில் வட துருக்கியின் அமாஸ்யா நகரின் அருகே கண்டெடுக்கப்பட்டு, வணிகத்துக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட சிவப்பு டூலிப். அதன் பின் அந்த மலைகளில் தேடியவர் எவரும் அதைக் காணவில்லை. காட்டில் அது அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. ஆனால் தோட்டங்களில் அது நன்றாக வாழ்கிறது. விதையிலிருந்து தானே முளைத்துப் பரவும் இயல்பு அதற்கு உண்டு. எல்லா டூலிப்புகளும் ஓய்ந்த பிறகு, மே இறுதியில், கடைசியாகப் பூக்கும். ஒரு மலையிலிருந்து அதைப் பறித்ததும் மனிதத் தேர்வுதான். இன்று அது எஞ்சியிருப்பதும் மனிதத் தேர்வினால்தான்.

எதை நடுவது

ஹாலந்தின் லிம்மன் என்ற சிற்றூரில் ஹோர்ட்டஸ் புல்போரம் என்ற தோட்டம் இருக்கிறது. சந்தை கைவிட்ட பழைய வகைகளுக்கான புகலிடம் அது. அங்கே ‘சோமர்ஸ்கோன்’ என்ற உடைந்த டூலிப் பூக்கிறது. அதன் ஆண்டு 1620. மன்சூர் காஷ்மீரில் தூரிகை பிடித்திருந்த அதே ஆண்டு. நானூறு ஆண்டுகளாக அது நோயுற்றே இருக்கிறது. வைரஸோடு அது எப்படியோ ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதுமட்டும் போதாது. நானூறு கோடைகளில் யாரோ ஒருவர் அதைத் தோண்டி எடுத்து உலர்த்தி, நானூறு இலையுதிர்காலங்களில் யாரோ ஒருவர் அதை மீண்டும் நட்டிருக்கிறார். போர்களிலும் பஞ்சத்திலும், 1944இன் குளிரிலும் அது உண்ணப்படாமல் இருந்திருக்கிறது. செம்பர் அகஸ்டஸுக்கு இல்லாத பேறு இதற்கு வாய்த்ததற்கு விலை காரணமல்ல; விடாமல் நட்ட கைகள்தான் காரணம்.

வீட்டுத் தோட்டத்துக்குக் கிழங்கு வாங்குபவர் இந்த வரலாறு முழுவதையும் சுமக்கவேண்டியதில்லை. அவருடைய கவலைகள் எளியவை. கிழங்கு கெட்டியாக, பூசணம் இல்லாமல் இருக்கவேண்டும். அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில், நீர் தேங்காத மண்ணில் நடவேண்டும். அணில் தோண்டும் இடமானால் டூலிப்பை விட டாஃபடில் நல்லது. அதை அணில் தொடாது. ஆனால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். காட்டினமானால், இது பண்ணையில் விளைந்ததா, மலையில் தோண்டியதா? நூறு பைகளில் எல்லாரும் வாங்கும் பத்து வகைகளுக்கு அப்பால், பட்டியலின் ஓரத்தில் பழைய பெயர் ஏதேனும் இருக்கிறதா? 1750 முதல் வளர்ந்துவரும் ‘கைசர்ஸ்க்ரோன்’ இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது; அது நோயற்றது. உடைந்த டூலிப்பை வளர்க்க விரும்பினால் மற்ற டூலிப்புகளையும் லில்லிகளையும் விட்டு வெகுதூரத்தில் வைக்கவேண்டும். அதன் அழகு தொற்றக்கூடியது.

ஒரு கவிதை யாரும் படிக்காமல் நூற்றாண்டுகள் கிடந்தாலும் ஏட்டில் இருக்கும். உ.வே.சாமிநாதையரைப் போல ஒருவர் வந்து எடுத்துத் தரும் வரை பரணில் காத்திருக்கும். பெயர் பெற்ற டூலிப்புக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓரிரு ஆண்டுகள் நடாமல் விட்டால் கிழங்கு வற்றிவிடும். அதற்குப் பரண் கிடையாது. அடுத்த அக்டோபர் மட்டும்தான் உண்டு.